பதினோராவது சீப்பு

முதலாளியின் மேசையில் ஒரு சீப்பு இருந்தது. முதலாளியின் தலையில் பேருக்குக் கூட ஒரு முடி இல்லை.

வழக்கு இவ்வளவுதான். இதற்குப் போய் காலை ஒன்பது மணிக்கு எங்களை அலறியடித்துக்கொண்டு வரவழைத்திருந்தார் அந்த மனிதர்.

"இது பதினோராவது," என்று சொல்லி இழுப்பறையைத் திறந்து மற்ற பத்தையும் எடுத்து வரிசையாக அடுக்கினார். நீலம், கறுப்பு, ரோஸ், கைப்பிடி வைத்தது, வைக்காதது. "ஒவ்வொரு மாசமும் முதல் திங்கட்கிழமை. எட்டரைக்கு நான் உள்ள வருவேன். இது இங்க உக்காந்திருக்கும். பதினோரு மாசமா எவனோ என் தலையைப் பாத்துச் சிரிக்கிறான்."

நான் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்க் காலண்டரை உற்றுப் பார்த்தேன். சிரித்திருந்தால் அப்போதே வெளியே போயிருப்பேன், அதுவும் தனியாக.

துப்பறிவாளர் என் மாமியார். இருபத்தாறு வருடம் நூலகத்தில், திரும்பி வரும் புத்தகங்களை வாங்கி வைக்கும் மேசையில் இருந்தவர். புத்தகத்தை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, 'நீங்க நாப்பதாம் பக்கத்தோட நிறுத்திட்டீங்க, மிச்சத்தை உங்க வீட்டுக்காரம்மா படிச்சிருக்காங்க' என்று சொல்லி ஆளை வெலவெலக்க வைப்பார். ஓய்வு பெற்றதும் வீட்டில் நிம்மதியாக இருப்பார் என்று நானும் என் மனைவியும் நம்பினோம். எங்கள் தப்புதான். வண்டி ஓட்டுவது, பை தூக்குவது, வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது மூன்றும் என் வேலை. மாப்பிள்ளை என்பதால் எனக்குத் திட்டு கூட மரியாதையோடுதான் விழும்.

"யார் மேல சந்தேகம்?" என்று கேட்டார் அத்தை.

"சந்தேகமே இல்ல. கேட்ல நிக்கிற வாட்ச்மேன். என் ரூம் சாவி அவன்கிட்டதான். காலைல ஏழே முக்காலுக்குத் திறந்து வைக்கிறதும் அவன்தான். அப்புறம் அவன் தலையைப் பாத்தீங்களா?"

பார்த்திருந்தோம். நாங்கள் வண்டியை நிறுத்தியபோது கதவுக் கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதில் அப்படி ஒரு முடி. எனக்கே வயிறு எரிந்தது.

"முடி இருக்கிறது குற்றமா சார்?" என்றேன்.

"மாப்பிள்ளை, நீங்க கொஞ்ச நேரம் காலண்டரையே பாருங்க," என்றார் அத்தை.

முதலாளி ஒரு காகிதத்தை எங்கள் பக்கம் தள்ளினார். வேலைநீக்கக் கடிதம். டைப் அடித்து, கையெழுத்தும் போட்டு, முத்திரையும் குத்தி வைத்திருந்தார். 'ஊழியர் கையேட்டின் 14-ஆம் விதிப்படி, நிறுவனரை அவமதித்த குற்றத்துக்காக' என்று ஆரம்பித்தது. பன்னிரண்டு வருடம் வாசலில் நின்ற மனிதருக்கு மூன்று வரியில் கணக்கு தீர்த்திருந்தார்கள்.

"பன்னெண்டு மணிக்கு அவன் ஷிப்ட் முடியுது. கையில குடுத்து அனுப்பப் போறேன். நீங்க சாட்சி மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க."

தீர்ப்பை எழுதி வைத்துவிட்டு விசாரணைக்கு ஆள் தேடுகிற மனிதரை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

எங்கோ டிங் டாங் என்று மணி அடித்தது. "உள்ள வாங்க," என்றார் முதலாளி. யாரும் வரவில்லை. அது அழைப்பு மணி தயாரிக்கும் தொழிற்சாலை. சோதனைப் பிரிவில் நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருப்பார்கள், இவரும் நாள் முழுக்க உள்ளே வரச் சொல்லிக்கொண்டே இருப்பார் போலிருக்கிறது.

அத்தை சீப்பை எடுக்கவில்லை. குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"சோப்பு வாசனை. கழுவிக் காய வச்சிருக்காங்க. கீழ வெள்ளைத் தாள் விரிச்சிருக்காங்க. மத்த பத்தும் இப்படித்தான் இருந்துச்சா?"

"ஆமா. வெள்ளைத் தாள், பல்லு எல்லாம் ஜன்னல் பக்கம். பதினோரு தடவையும் அதே மாதிரி."

"சார், ஒருத்தரை அவமானப்படுத்த நெனைக்கிறவன் சீப்பைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டா வருவான்?"

முதலாளி சீப்பைத் திரும்பிப் பார்த்தார்.

"அழுக்குச் சீப்பா வச்சிருந்தா கோபம்னு சொல்லலாம்," என்றார் அத்தை. "கண்ட மாதிரி வீசியிருந்தா குறும்புன்னு சொல்லலாம். இது ரெண்டும் இல்ல. யாரோ சொன்னதை யாரோ ஒழுங்கா செய்றாங்க. இங்க யார் எதை எப்படிச் செய்யணும்னு எங்க எழுதியிருக்கு?"

முதலாளியின் முகம் சட்டென்று மலர்ந்தது. அலமாரியிலிருந்து பச்சை அட்டை போட்ட தடிப் புத்தகம் ஒன்றை எடுத்து, குழந்தையைக் காட்டுவது போலக் காட்டினார். 'ஊழியர் கையேடு'. முதல் பக்கத்தில் அவருடைய படம். அதன் கீழே 'ஆக்கம்: நிறுவனர்'.

"மூணு வருஷம் முன்னாடி நானே உக்காந்து எழுதினது. ஆறு மாசம் தூக்கமில்ல. பிரிவுக்கு ஒண்ணு வீதம் அஞ்சு காப்பி குடுத்திருக்கேன். எல்லாரும் படிச்சுப் புரிஞ்சுக்கிட்டோம்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க."

அத்தை அவர் கையிலிருந்த புத்தகத்தைத் திறந்தார். அதன் முதுகு மொறமொறவென்று முனகியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அத்தை என்னைப் பார்த்தார். நூலகக்காரர்களின் அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். இது இதுவரை திறக்கப்படாத புத்தகம்.

"மத்த அஞ்சையும் பாத்துட்டு வர்றோம். நாங்க வர்ற வரைக்கும் அந்த லெட்டரைத் தொடாதீங்க," என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

*

பொருத்தும் பிரிவில் கையேடு ஒரு மேசைக் காலுக்கு அடியில் இருந்தது. எடுக்கப் போனேன். "ஐயோ, எடுத்துடாதீங்க, மேசை ஆடும்," என்று நாலு பேர் ஓடி வந்தார்கள்.

"இவங்களுக்கு இது ரொம்ப உபயோகமா இருக்கு அத்தை," என்றேன்.

"நடங்க மாப்பிள்ளை."

சோதனைப் பிரிவில் அது வந்த பிளாஸ்டிக் உறையிலேயே இருந்தது. அங்கே அடித்த மணிச் சத்தத்தில் எதையும் படிக்கவும் முடியாது, பாவம். பேக்கிங் பிரிவில் பசை ஒட்டிய பெட்டிகளின் மேல் பாரமாக வைத்திருந்தார்கள். சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவில் அதன் மேல் தொலைபேசி இருந்தது. அட்டை முழுக்க டீ டம்ளர் வட்டங்கள். அத்தை பக்கங்களின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"வெளியில அத்தனை அழுக்கு. உள்ள ஒரு விரல் பட்ட அடையாளம் இல்ல."

"ஆனா இங்கயும் கையெழுத்து இருக்கே. படித்தோம், புரிந்துகொண்டோம்."

"நீங்க கூடத்தான் கல்யாணத்தன்னிக்கு எல்லாத்துக்கும் சரின்னு தலையாட்டினீங்க."

இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும். சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதால் சொல்லவில்லை.

மணி பதினொன்று இருபது. மிச்சம் இருந்தது ஸ்டோர். திருகுகளும் சுருள் கம்பிகளும் நிறைந்த நீள அறை. வாசலில் ஒரு மேசை. அதன் பின்னால் முப்பத்தைந்து வயதுப் பெண்மணி, எல்லாரும் ஸ்டோர் அக்கா என்று கூப்பிடுகிறவர். மேசை மேல் கையேடு. பழுப்புத் தாளில் அட்டை போட்டு, மூலைகள் தேய்ந்து, பக்கங்களுக்கு நடுவே துண்டுச் சீட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன.

அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், என் கல்யாணத்தில் கூட அவர் அப்படி நெகிழவில்லை.

"இதைப் படிச்சிருக்கீங்க," என்றார்.

"மூணு தடவை," என்றார் ஸ்டோர் அக்கா. "படிச்சுப் புரிஞ்சுக்கிட்டேன்னு கையெழுத்துப் போடச் சொன்னாங்களே மேடம். படிக்காம எப்படிப் போடறது?"

"நீங்க சேர்ந்து எத்தனை மாசம் ஆச்சு?"

"பதினோரு மாசம்."

நான் பையைக் கீழே வைத்தேன். அத்தை அவசரப்படாமல் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சீப்பு பத்தி எதாவது இருக்கா இதுல?"

"முப்பத்தேழாவது விதி," என்று புத்தகத்தைத் திறக்காமலே சொன்னார் அக்கா. பிறகு திறந்து காட்டினார். 'ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை காலை, பிரிவுப் பொறுப்பாளர் தன் பிரிவின் சீப்பு ஒன்றைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்தி, வெள்ளைத் தாளின் மேல், பற்கள் ஜன்னலை நோக்கியிருக்க, நிறுவனரின் மேசையில் ஆய்வுக்கு வைக்க வேண்டும்.'

"எங்க பிரிவுல சீப்பு கிடையாது," என்றார் அக்கா. "வச்சதைத் திருப்பியும் தர மாட்டேங்கிறாங்க. அதனால மாசம் ஒண்ணு நானே வாங்கிடறேன். ஏன் மேடம், ஆய்வுல எதாவது குறை வந்திருச்சா?"

"மணி செய்யற கம்பெனில எதுக்குச் சீப்புன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பழக்கம் சார். முன்னாடி இருந்த இடத்துல தினமும் காலைல எல்லாரும் வட்டமா நின்னு கை தட்டணும். இங்க சீப்பு. எனக்கு இது பரவாயில்லன்னு இருந்துச்சு."

அத்தை பக்கங்களைப் புரட்டினார். விதி 9: 'தொழிற்சாலைக்குள் வரும் வாடிக்கையாளரின் தலையைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.' விதி 22: 'வாடிக்கையாளரின் காதைத் தொடும் முன் அவரிடம் சொல்ல வேண்டும்.' விதி 31: 'தொழிற்சாலை நாற்காலியைச் சுற்றி விழுந்த முடியை அரை மணிக்கு ஒருமுறை கூட்டி, குறித்து வைக்க வேண்டும்.'

"இதையுமா செய்றீங்க?"

அக்கா ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். பக்கம் பக்கமாக நேரம் போட்டு, எதிரே அழகான கையெழுத்தில் ஒரே பதில். முடி இல்லை. முடி இல்லை. முடி இல்லை. முதலாளி மட்டும் இதைப் பார்த்தால் அங்கேயே விழுந்துவிடுவார் என்று நினைத்தேன்.

"அப்ப காது?"

"தொடணும்னு விதி இல்ல சார். தொட்டா சொல்லணும்னுதான் இருக்கு. நான் யார் காதையும் தொட்டதில்ல."

அத்தை கடைசிப் பக்கங்களில் ஒன்றில் நின்றார். இரண்டு முறை படித்தார். அங்கே ஒரு சீட்டைச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"அம்மா, நீங்க புத்தகத்தோட எங்க கூட வாங்க. மாப்பிள்ளை, சீக்கிரம்."

*

ஸ்டோரிலிருந்து கேட்டுப் பக்கமாகத்தான் முதலாளி அறைக்குப் போக வேண்டும். அங்கே வாட்ச்மேன் தன் குடையை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். டிபன் பாக்ஸ் ஏற்கெனவே பையில். கையில் அந்தக் காகிதம்.

பன்னிரண்டு மணி வரை பொறுக்க முடியவில்லை அந்த மகானுக்கு. பதினொன்றரைக்கே இறங்கி வந்து கொடுத்துவிட்டிருக்கிறார். பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தொடாதீங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?" என்றார் அத்தை. குரல் உயரவில்லை. நான்தான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"குற்றவாளி யாருன்னு எனக்குத் தெரியும்மா."

"எனக்கும் தெரியும். நீங்கதான்."

டிங் டாங் என்று மணி அடித்தது. முதலாளி உள்ளே வரச் சொல்ல மறந்துவிட்டார்.

"சீப்பை வச்சது இவங்க," என்று ஸ்டோர் அக்காவைக் காட்டினார் அத்தை. "வைக்கச் சொன்னது நீங்க. முப்பத்தேழாவது விதி. உங்க படம் போட்டு, உங்க பேர் போட்டு அச்சடிச்ச விதி."

முதலாளி படித்தார். காது மடல் சிவந்தது, அங்கிருந்து சிவப்பு மேலே ஏறியது, தடுக்க அங்கே ஒன்றும் இல்லாததால் உச்சி வரை போனது.

"உங்க குடும்பத்துல யார் சலூன் வச்சிருக்காங்க?"

முதலாளி புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்தார். "என் மச்சான்," என்றார் கடைசியில். "ஏழு கடை."

"அவர் கையேட்டை வாங்கி, கம்ப்யூட்டர்ல சலூன்னு இருக்கிற இடத்துல எல்லாம் தொழிற்சாலைன்னு மாத்தியிருக்கீங்க. ஆறு மாசம் தூக்கமில்லன்னு சொன்னீங்களே, இதுக்கு அஞ்சு நிமிஷம் கூட ஆகியிருக்காதே சார்."

"அட்டைக் கலர் தேர்ந்தெடுக்கத்தான் நாளாச்சு," என்று முணுமுணுத்தார்.

நான் இந்தத் தடவை காலண்டர் இல்லாமல் திண்டாடினேன்.

சரி, ஆள் வெட்கப்பட்டு லெட்டரைக் கிழித்துவிடுவார் என்று பார்த்தால், வீம்பு விடுகிறதா? "இந்தச் சீப்பு விஷயம் சரி. ஆனா குடுத்தது குடுத்ததுதான். குடுத்த லெட்டரைத் திருப்பி வாங்கினா நாளைக்கு எவன் என்னை மதிப்பான்?" என்றார்.

வாட்ச்மேன் குடையைக் கையிலிருந்து கைக்கு மாற்றிக்கொண்டார். பன்னிரண்டு வருட வேலை அந்தச் சின்னக் காகிதத்தில் ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு முதலாளியின் மேல் நிஜமாகவே கோபம் வந்தது.

"அப்ப ஐம்பத்தெட்டாவது விதியையும் பாத்துடலாம்," என்றார் அத்தை. சீட்டு செருகிய பக்கத்தைத் திறந்து அக்காவிடம் கொடுத்தார். அக்கா வாசித்தார்.

"எந்த ஊழியரையும் நீக்கும் முன், நிறுவனர் அந்த ஊழியரின் நாற்காலியில் தாமே அமர்ந்து, அவர் கையால் ஒருமுறை முடி வெட்டிக்கொண்டு, அவர் வேலையை நேரில் அறிய வேண்டும். இதைச் செய்யாத நீக்கம் செல்லாது."

முதலாளி புத்தகத்தை இழுத்துத் தானே ஒருமுறை படித்தார்.

"இதென்ன கூத்து?" என்றார் முதலாளி. "இந்தக் கையேட்டைக் குப்பைல போடுங்க. இன்னியிலிருந்து இது செல்லாது."

"தாராளமா. ஆனா உங்க லெட்டரோட முதல் வரி என்ன?"

நான் வாட்ச்மேன் கையிலிருந்த காகிதத்தை எட்டிப் பார்த்து உரக்கப் படித்தேன். "ஊழியர் கையேட்டின் 14-ஆம் விதிப்படி."

"கையேடு குப்பைன்னா லெட்டரும் குப்பை," என்றார் அத்தை. "கையேடு செல்லும்னா நீங்க இந்த நாற்காலில உக்காரணும். முடி வெட்டிக்கணும். எப்படின்னு நீங்கதான் சொல்லணும்."

"எனக்கு வெட்டத் தெரியாதுங்க," என்றார் வாட்ச்மேன் கவலையோடு.

"கவலைப்படாதீங்க, தப்பா வெட்ட அங்க வழியே இல்ல," என்றேன். அத்தை என்னைத் திட்டவில்லை. அதுவே எனக்குப் பெரிய பரிசு.

முதலாளி கேட்டருகே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தார். வேறு வழி தெரியாத மனிதர் செய்வதைச் செய்தார், பொத்தென்று அதில் உட்கார்ந்தார். அது ஒரு பக்கம் சாய்ந்தது. பிடித்துக்கொண்டார்.

"இதுல எப்படிய்யா உக்கார்ற?"

"இந்தப் பக்கம் சாஞ்சு உக்காரணும் சார். பழகிடும்."

"இவங்க என் ரூமுக்குள்ள போனது உனக்குத் தெரியுமா?"

"தெரியுமே சார். மாசா மாசம் முதல் திங்கட்கிழமை, எட்டு மணிக்கு, வெள்ளைத் தாளோட போவாங்க. சீப்பும் கையில இருக்கும்."

முதலாளி அவரை நிமிர்ந்து பார்த்தார். "தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையே சார்."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். பதினோரு மாதம், ஒரு துப்பறிவாளர், அரை நாள் அலைச்சல், ஐந்து பிரிவு. அத்தனைக்கும் விடை கேட்டருகே நின்று தலை வாரிக்கொண்டிருந்தது. அத்தையின் முகத்தைப் பார்த்தேன்.

"நானும் கேக்கல," என்றார் அவர். கல்யாணம் ஆன பதினான்கு வருடத்தில் அத்தை தன் தப்பை ஒப்புக்கொண்டு நான் கேட்டது அன்றுதான். தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன்.

வாட்ச்மேன் குடையின் பிடியைத் தடவிக்கொண்டே பேசினார். "லெட்டரைக் குடுத்ததுல இருந்து ஒண்ணுதான் யோசிச்சிட்டிருந்தேன் சார். வீட்ல என்னன்னு சொல்றது. திருடினேன்னு சொன்னாலாவது நம்புவாங்க. சீப்பு வச்சதுக்கு வேலை போச்சுன்னா யார் நம்புவா? என் மனசு ரொம்ப சங்கடப்பட்டுப் போச்சு. பன்னெண்டு வருஷமா காலைல உங்களுக்குத்தான் முதல்ல கதவு திறக்கிறேன். கூப்பிட்டு, நீயாய்யா வச்சேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

முதலாளி சாய்ந்த நாற்காலியில் சாய்ந்தபடியே இருந்தார். "கேட்டிருக்கணும்," என்றார்.

"ஆமா சார். கேட்டிருக்கணும்."

கையை நீட்டினார் முதலாளி. வாட்ச்மேன் கடிதத்தைக் கொடுத்தார். முதலாளி அதை நாலாகக் கிழித்துத் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார். பிறகு ஸ்டோர் அக்காவைப் பார்த்து, புதுக் கையேடு ஒன்று எழுத வேண்டும் என்றும், அதை அவர்தான் எழுத வேண்டும் என்றும் சொன்னார். அக்கா கூடவே கொண்டு வந்திருந்த முடிக்கணக்கு நோட்டை அங்கேயே புரட்டி, வெறும் தாள் ஒன்றில் எழுத ஆரம்பித்தார். மளமளவென்று எழுதி முடித்துத் தாளை நீட்டினார்.

முதலாளி சட்டையிலிருந்து பேனாவை எடுத்தார். அக்கா தாளைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"முதல்ல படிங்க சார்."

படித்தார். உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். 'விதி 1: யாரையும் வேலையை விட்டு அனுப்பும் முன், அவரை உட்கார வைத்து, என்ன நடந்தது என்று அவரிடமே கேட்க வேண்டும். விதி 2: இந்தக் கையேட்டை வருடம் ஒருமுறை எல்லாப் பிரிவினரும் கூடி வாசித்து, வேண்டாததை நீக்க வேண்டும்.' படித்து முடித்துக் கையெழுத்துப் போட்டார். அவர் போன் செய்து மச்சானிடம் ஒரு வார்த்தை சொன்னால் நல்லது என்று எனக்குத் தோன்றியது: ஏழு சலூனிலும் அந்த ஐம்பத்தெட்டாம் விதி இருக்கட்டும், அதை எழுதிய மனிதர் யாரோ விவரமானவர்.

பன்னிரண்டு அடித்தது. அடுத்த ஷிப்டுக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். எங்கள் வாட்ச்மேன் பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினார். முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து நாலடி அவர் பின்னால் போனார்.

"நாளைக்கு வர்றீங்கல்ல?" என்று கேட்டார்.

வாட்ச்மேன் நின்றார். திரும்பி முதலாளியின் முகத்தை ஒரு கணம் பார்த்தார்.

"வர்றேன் சார்," என்றார்.